கடலைப் பார்க்க அனுப்பினார்கள்

சனிக்கிழமை, இரவு.

கொழும்பிலேயே, வெள்ளவத்தையில் வீடு இருக்க, வெள்ளைக்காரன் கட்டிய இந்தக் கடற்கரை ஹோட்டலில் தனியாக அறை எடுத்திருக்கிறேன். வெறும் வீம்புதான். ஆறு வருடத்துக்கு முன் இதன் விறாந்தையில் என்னைப் பெண் பார்த்தார்கள். லண்டன் மாப்பிள்ளையின் தாய், "பிள்ளை, கடலை ஒருக்காப் பாத்திட்டு வாங்கோ" என்று எழுப்பி அனுப்பினார். நடையைப் பார்க்கத்தான். பிறகு, காலை இழுத்து நடக்கிறேன் என்று தரகரிடம் சொல்லிவிட்டார்.

இன்று பின்னேரம் தேநீருக்கு இறங்கினால், அதே தாய், அதே மகன், எதிரே வேறொரு பெண். என்னை அவர்களுக்கு அடையாளமே தெரியவில்லை. தாய் அந்தப் பெண்ணிடமும் கடலைக் காட்டத் தொடங்கினார். இழுத்து நடக்கிற அதே காலோடு அவர்களின் மேசைக்குப் போனேன்.

"அன்ரி, அண்டைக்கு நான் நடந்தனான். இண்டைக்கு மகனை நடக்க விடுங்கோ. இந்தப் பிள்ளை பாக்கட்டும்."

தாய் வாயில் வைத்த கேக்கை மெல்லவில்லை. சொன்னதைச் செய்தே பழகிய மகன் பாதி எழுந்துவிட்டார். அந்தப் பெண் அவரைத் தலையிலிருந்து கால்வரை ஆற அமரப் பார்த்தாள்.

"அந்தத் தூண் வரைக்கும் ஒருக்காப் போயிட்டு வாங்கோ" என்றாள்.

போனார்.