தேர் எந்த முக்கில்

ஜூலை 8, செவ்வாய்

மெஸ்ஸில் இன்றும் சேமியா உப்புமா. ராஜபாளையத்தில் ஆடிக்கு முன்பே காற்று தொடங்கிவிட்டது. காயப்போட்ட துப்பட்டா பக்கத்து மில் காம்பவுண்டுக்குள் போய் விழுந்தது. போகட்டும், பழையதுதான்.

வைகுண்டராஜ் சார் வகுப்பில் ஒன்று சொன்னார். சென்னையில் நடக்கும் மாணவர் கண்காட்சிக்கு எங்கள் துறையிலிருந்து ஒரே ஒரு புராஜெக்ட்தான் போகும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு வரும் ஜனங்களுக்கு உதவுகிற மாதிரி செய்ய வேண்டும். அன்றைக்கு எது நிஜமாக ஓடுகிறதோ அது போகும்.

வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது. லேபில் எது நின்றாலும் "யோகேஸ்வரியக் கூப்பிடு" என்பதுதானே வழக்கம். வ. புதுப்பட்டியிலிருந்து வந்து இந்த ஹாஸ்டலில் கிடந்து நான் சம்பாதித்தது அந்த ஒரு பெயர்தான்.

ஜூலை 11, வெள்ளி

ஆப் பாதி முடிந்தது. தேர் ஒவ்வொரு தெரு முக்குக்கும் எத்தனை மணிக்கு வரும் என்று ஜி.பி.எஸ். பார்த்துக் கணக்கிட்டுச் சொல்லும். வரைபடத்தில் குட்டித் தேர் நகரும். ரூம்மேட் ஜாஸ்மின் எட்டிப் பார்த்து, "குதிரை வேற போட்டிருக்க! சென்னைக்குப் பெட்டியக் கட்டிருட்டி" என்றாள்.

ஜூலை 15, செவ்வாய்

பாண்டிசெல்வியும் ஒன்று செய்கிறாளாம். போன வருஷம் முழுக்க என் ரெக்கார்டைப் பார்த்து எழுதியவள்!

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால் அவள் அம்மா வைத்த குழம்பு மணக்கும். அந்தக் குழம்பின் மேலேயே எனக்குப் பொறாமை உண்டு. இப்போது இது வேறு.

காட்டினாள். வெறும் வெள்ளைப் பக்கம். அதில் ஒரே ஒரு வரி: 'தேர் இப்போது எந்த முக்கில்'. நாலு ரத வீதியிலும் அவளுக்குத் தெரிந்த கடைக்காரர்கள் இருக்கிறார்கள். தேர் தங்கள் கடையைத் தாண்டும்போது போனில் ஒரு பட்டனைத் தட்டுவார்கள். அவ்வளவுதான்.

"நேரம் போடலையா?" என்றேன்.

"தேரு என்ன பஸ்ஸாட்டி, நேரத்துக்கு வர? எந்த முக்கு திரும்பிருக்குன்னுதான் எல்லாரும் கேப்பாக."

அதை இணையத்தில் ஏற்றத் தெரியாது, நீ ஏற்றிக் கொடு என்றாள். என் கணக்கிலேயே ஏற்றிக் கொடுத்தேன். அவள் பக்கம் ஒவ்வொரு நொடிக்கும் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறது. கூட்டம் வந்தால் தாங்காது. பார்த்தேன். சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்ல?

ஜூலை 18, வெள்ளி

சார் இரண்டையும் பார்த்தார். என்னுடையதற்கு "நல்லாருக்கும்மா". அவளுடையதைப் பார்த்ததும் தன் அம்மாவுக்கே போன் போட்டு, "இந்த வருசம் வெயில்ல போயி நிக்க வேண்டாம், இதப் பாத்துட்டுக் கெளம்புங்க" என்கிறார்!

வயிறு எரிகிறது. ஒரே ஒரு வரிக்கா?

ஜூலை 21, திங்கள்

மூன்று நாளாக அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. அதுதான் இன்னும் ஆத்திரம்.

ஜூலை 24, வியாழன்

தேரில் என் ஜி.பி.எஸ். பெட்டியைக் கட்ட விடமாட்டார்களாம். என் வகுப்பு விஜயபாண்டி ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன், வருஷா வருஷம் வடம் பிடிக்கிறவன். அவன் இடுப்பில் கட்டுவதாக ஏற்பாடு. "நான் எங்க போவேன்? தேரு கூடத்தான வாரேன்" என்றான்.

ஜூலை 28, திங்கள்

தேர்.

காலையில் எல்லாம் சரியாகத்தான் போனது. நிலையிலிருந்து கிளம்பியதும் என் குட்டித் தேரும் கிளம்பியது. தெற்கு ரத வீதியில் திடீரென்று அது ஒரு சந்துக்குள் திரும்பியது. மோர்ப் பந்தலில் நின்றது. பிறகு இன்னொரு தெருவுக்குள் போய் ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டது. விஜயபாண்டிக்கு போன் போட்டால் வாயில் சோற்றோடு பேசுகிறான். "சித்தி வீட்டுல எலை போட்டுட்டாக, செத்த நேரத்துல வாரேன்." ஆண்டாளின் தேரை அவன் சித்தி வீட்டு அடுப்படியில் கொண்டுபோய் நிறுத்தியது என் ஆப்.

சுற்றி எல்லார் கையிலும் அந்த வெள்ளைப் பக்கம்.

அப்போதுதான் அதுவும் விழுந்தது. பாண்டிசெல்வி கூப்பிட்டாள். ஏன் விழுந்தது என்று எனக்குத் தெரியும். எப்படி நிமிர்த்துவது என்றும் தெரியும். மணி அடிக்க அடிக்கப் பார்த்துவிட்டு போனைப் பைக்குள் போட்டேன். சந்தோஷமாக இருந்தது. இங்கே பொய் எழுதி என்ன ஆகப்போகிறது — சந்தோஷமாகத்தான் இருந்தது.

மறுபடி அடித்தது. அம்மா. ஊரிலிருந்து ஆட்களோடு தேர் பார்க்க வந்திருந்தாள். "ஏட்டி, தேரு எங்க நிக்குன்னு போன்ல காட்டுமே, அது நின்னுபோச்சு. முத்தாத்தா மதினிக்கு முட்டிவலி. தேரப் பாக்காம வரமாட்டேன்னு ஒக்காந்திருக்கா. நான் எந்தப் பக்கம் கூட்டிட்டுப் போக?"

ஒரு வளையல் கடைப் படியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். நொடிக்கு ஒருமுறை என்றிருந்ததை நிமிடத்துக்கு ஒருமுறை என்று மாற்றினேன். ஒரே ஒரு வரி. பக்கம் எழுந்து நின்றது: மேல ரத வீதி முக்கு.

அம்மாவிடம் சொல்லிவிட்டு நானும் அங்கே போனேன். பாண்டிசெல்வியும் ஓடி வந்து சேர்ந்தாள். அம்மா என்னைப் பார்த்ததும் ஊர்ப் பெண்களிடம், "இந்தா வாரால்ல, எம் மக! இவ செஞ்சதுதான் அது" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் பாண்டிசெல்வி, "ஆமா பெரியம்மா, இவதான்" என்று சொல்லிவிட்டு முத்தாத்தாள் அத்தைக்குத் தண்ணீர் வாங்கப் போய்விட்டாள்.

அத்தை என் கன்னத்தைத் தடவிக் கொடுத்தாள். நான் நின்றேன். பேசாமல் நின்றேன். பாண்டிசெல்வி தன் பெயரை எடுத்து வீசுகிற மாதிரி கொடுத்துவிட்டுப் போகிறாளே, எப்படி முடிகிறது? எனக்கு ஏன் முடியவில்லை?

ஜூலை 30, புதன்

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

சென்னைக்குப் பாண்டிசெல்வி. தெரிந்ததுதான். சார் வகுப்பில் சொன்னார். அவள் எழுந்து, "பக்கம் விழுந்தப்போ யோகாதான் சார் தூக்கிவிட்டா" என்றாள். கை தட்டினார்கள். என்னால் உட்காரவே முடியவில்லை.

வெளியே வந்து அம்மாவைக் கூப்பிட்டேன். "அது நான் செய்யலம்மா. கூட நின்னால்ல, அந்தப் புள்ள செஞ்சது. என்னோடது ஓடல."

"பொறவு ஏன்ட்டி அன்னைக்கு வாயத் தொறக்கல?"

"வயித்தெரிச்சல்ம்மா."

ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்பாள், பாவம். "அந்தப் புள்ளைய வீட்டுக்குக் கூட்டிட்டு வா" என்றாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கூட்டிப் போனேன். அம்மா அவள் இலையில் இரண்டு முட்டை வைத்தாள். என் இலையில் ஒன்று. எரிந்தது. அவள் ஒன்றை எடுத்து என் இலையில் போட்டாள். அதுவும் எரிந்தது. தின்றேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

சாயங்காலம் அம்மா போன். எடுத்ததும், "பாண்டிசெல்வி ரயில் ஏறிட்டாளா? சாப்பிட ஏதும் கொண்டுபோறாளா?"

"எனக்கென்ன தெரியும்?" என்று வைத்துவிட்டேன். பெற்ற மகள் ஒருத்தி இங்கே உப்புமா தின்றுகொண்டிருப்பது யாருக்கும் நினைவில்லை.

பிறகு அவளைக் கூப்பிட்டேன். ரயில் சிவகாசி தாண்டிவிட்டதாம். புளிச்சோறு இருக்கிறதாம். "நாளைக்குக் கண்காட்சியில கூட்டம் வந்தா பக்கம் மறுபடி விழுந்திருமோட்டி?" என்றாள்.

"விழாது. நாள் பூரா லேப்டாப் முன்னாலதான் இருப்பேன். கூப்பிடு, எடுப்பேன்."

அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டேன். ஏறிவிட்டாள், சோறு இருக்கிறது என்று சொன்னேன்.

"சரி" என்றாள் அம்மா. "நீ சாப்பிட்டியாட்டி?"