முதுகில் தக்காளி

நைரோபி, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு உங்கள் நஞ்சாலா வணக்கத்துடன் எழுதுவது. அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? நானும் பராசாவும் சுகம். அவனுக்குப் பல் முளைத்துவிட்டது, பால் குடிக்கும்போது கடிக்கிறான்.

போன வாரம் ஒரு கூத்து, கேட்டால் சிரிப்பீர்கள். நடைபாதையில் கடையைப் பரப்பிவிட்டு அவனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். "வண்டி வருது, ஓடுங்கடி!" என்று கத்தினார்கள். நடைபாதைக் கடைகளின் சரக்கை அள்ளிப்போகும் நகராட்சி வண்டி. அவனை மார்பிலிருந்து பிடுங்கிக் கீழே கிடத்தி, லேசோத் துணியை விரித்து, வாரி முதுகில் கட்டிக்கொண்டு ஓடினேன். சரக்குக்கும் அவனுக்கும் அந்த ஒரே துணிதான். கனமும் ஒன்றுபோலத்தான் இருந்தது. பாலத்தடியில் அவிழ்த்தால், உள்ளே தக்காளி.

திரும்பி ஓடினேன். பக்கத்துக் கடை முவெண்டே அக்கா மடியில் அவன் பால் குடித்துக்கொண்டிருந்தான்.

"தக்காளி பத்திரமாடி? உன் மகன் என் பிள்ளைக்கு ஒரு சொட்டு மிச்சம் வைக்கல!"

எல்லாரும் சிரித்தார்கள். அவனைத் தூக்க நின்றதில் அவள் வெங்காயம் முழுக்க வண்டியில் போய்விட்டது.

அன்றிலிருந்து எனக்குப் பால் சரியாகச் சுரக்கவில்லை. பால் ஊற நீங்கள் ஆக்கித் தந்த கீரையைக் காயவைத்து அனுப்புங்கள். இன்னொரு லேசோவும் வேண்டும், மஞ்சளில்.

வாங்க ஆள் நிற்கிறது, நிறுத்துகிறேன். லேசோவை மறந்துவிடாதீர்கள் அம்மா. பால் கொடுக்கும்போதும் அவனை என்னோடு சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும்.

நஞ்சாலா