சேணத்தோடு எழுபத்தைந்து கிலோ

செப். 20, சனி

காலையில் தூறல். பிறகு வெயில் என்று ரேடியோ சொன்னது. வரவில்லை. இல்-பிசார் தீவின் குதிரை லாயத்தில் ஒரே சேறு. மூன்றாவது வேலிக்கு முன்னால் ஒக்தாவ் நின்றுவிட்டான். நான் நிற்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம், சேற்றில். எழும்பிப் பார்த்தால் புல் தின்றுகொண்டிருந்தான், குதிரைக் கழுதை.

இடுப்பு கன்றி நீலம். மனைவி றீற்றாவுக்குக் காட்டவில்லை.

ஆனாலும் மிரெய் கையெழுத்துப் போட்டுவிட்டார். லாயமும் அவருடையது, ஒக்தாவும் அவருடையவன். சிரிப்பே வராத முகம். நான் பொயின்ற்-ரு-பொயின்ற் ஓடலாமாம். வயல்வெளியில் வேலி பாய்ந்து ஓடும் போட்டி. தொழிலாகச் செய்பவர்களுக்கு இடமில்லை, என்னைப் போன்ற பைத்தியங்களுக்கு மட்டும். ஒக். 5, ஞாயிறு பின்னேரம். நாற்பத்துநாலு வயதில் முதல் ஓட்டம்.

ஒரே நிபந்தனை. சேணத்தோடு நிறுத்தால் எழுபத்தைந்து கிலோவைத் தாண்டக்கூடாது. தாண்டினால் குதிரை கிடையாது. ஒக்தாவுக்கு வயது போகிறது, முதுகு பாவம் என்றார். என் முதுகைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இன்று சேணத்தோடு: 78. துறைமுகத்தில் தினமும் என் ட்ரக்கை நிறுக்கிறார்கள். பாரம் கூடினால் கொண்டெய்னரில் கொஞ்சம் இறக்கலாம். என்னில் எதை இறக்குவது?

செப். 23, செவ்வாய்

குளிர் தொடங்கிவிட்டது. சாப்பாடு:
காலை – கஞ்சி, பால் விடாமல்.
மத்தியானம் – வெள்ளரிக்காய், ட்ரக்குக்குள். துறைமுக வாசலில் நின்றவன் பரிதாபமாகப் பார்த்தான்.
இரவு – இடியப்பம் இரண்டு. சொதியின் மணம் மட்டும்.

றீற்றாவுக்கு எல்லாம் தெரியும். இந்த ஓட்டமும் தெரியும். மகளுக்கென்று காசு கட்டிய குதிரைப் பாடம், அவள் இரண்டாம் கிழமையே விட்டுவிட்டாள், மீதிப் பாடத்துக்கு நான் ஏறினேன், இறங்கவே இல்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஊருக்குத் தெரிவதுதான் பொறுக்காது. ஊருக்கு நான் மூன்று வருடமாகச் சனிக்கிழமை ஜிம்முக்குப் போகிறவன்.

“ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதேங்கோ. இந்த வயசில குதிரையெண்டால் சனம் சிரிக்கும். நான் கோயிலுக்குப் போற ஆள்.”

குதிரைக்கும் கோயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கவில்லை. பசியோடு சண்டை பிடிக்க ஏலாது.

செப். 28, ஞாயிறு

நல்ல வெயில். பூசை முடிந்து வெளியே வர, பிலோமினா அன்ரி என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பங்கின் செபக் குழு, சாப்பாடு, செத்தவீடு எல்லாம் அவர் கையில்.

“என்ன மோனை, இப்பிடி உருகிப் போனாய்?”

நான் வாய் திறக்க முதல் றீற்றா சொன்னாள்: “அவருக்குக் கொஞ்சம் சுகமில்லை அன்ரி.”

நான் அவளைப் பார்த்தேன். அவள் மாதா சொரூபத்தைப் பார்த்தாள்.

மண்டபத்தில் தேத்தண்ணீர் ஊற்றி முடிய எனக்கு நீரிழிவு. கார் நிற்கும் இடத்துக்கு வர, சிறுநீரகம். யாரோ ஒருவர் என் கையிலிருந்த கதிரையை வாங்கி வைத்தார்.

காரில் கேட்டேன். வேறு என்னத்தைச் சொல்கிறது என்றாள். குதிரையில் ஏறும் புருஷனைவிட வருத்தக்காரப் புருஷன் அவளுக்கு மரியாதை. இதை எழுதியே விடுகிறேன்: எனக்கு நொந்தது.

ஒக். 1, புதன்

மழை. வருத்தம் பார்க்க ஆட்கள். வந்து சேர்ந்தவை: திராட்சை, அப்பிள், சத்துமா டின், பொரித்த றோல்ஸ் ஒரு தட்டம், இன்னொரு சத்துமா டின். வைத்துவிட்டுப் போவதில்லை. நான் சாப்பிடுகிறேனா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வேண்டாம் என்றால் அதுவும் வருத்தத்தின் குணமாம்.

வாசலில் சப்பாத்துப் போடும்போது ஒருவர் மற்றவரிடம்: “முகத்தில களை இருக்கு.” மற்றவர்: “கடைசியில அப்பிடித்தான் இருக்கும்.”

நேற்று, சேணத்தைக் கூட்டி, 76. இன்று 77. றோல்ஸ்தான்.

ஒக். 3, வெள்ளி

அரை நாள் லீவு. லாயம். வெயில், காற்று, காய்ந்த நிலம். எல்லா வேலியும் பாய்ந்தோம், எல்லாவற்றையும், இருவரும் ஒன்றாக. கடைசி வேலியில் மேலே இருந்த அந்தக் கணம் நான் ட்ரக் ஓட்டுபவனும் இல்லை, வருத்தக்காரனும் இல்லை. சந்தோசத்தில் ஒக்தாவின் கழுத்தைக் கட்டிப் பிடித்தேன். தும்மினான்.

மிரெய் பிரெஞ்சில் “பா மால்” என்றார். பரவாயில்லையாம். அவர் வாயில் அது பெரிய பட்டம். இன்னொரு சேணம் தந்தார், பாரம் குறைந்தது. 75.6.

வீட்டில் றீற்றா முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தாள். ஃபாதர் போன் எடுத்தாராம். ஞாயிறு காலைப் பூசை நான் சுகமாக வேண்டுமென்று ஒப்புக்கொடுக்கப்படும். பி. அன்ரியின் ஏற்பாடு.

“பொய்க்குப் பூசை வைச்சால் பாவமோ?” என்று கேட்டாள்.

ஒக்தாவில் ஏறுகிறவனுக்கு எந்தச் செபமும் வீண்போகாது என்றேன்.

ஒக். 4, சனி

மப்பும் மந்தாரமும். காலையில் 75.3. இன்னும் கொஞ்சம்தான் என்று நிம்மதியாக இருந்தேன். மத்தியானம் பி. அன்ரி பெரிய பானையோடு வந்தார். பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியல் கூழ். நண்டு, மீன், இறால், பயற்றங்காய், கடலே உள்ளே. வாசமே அரைக் கிலோ இருக்கும். நான் குடித்து முடித்தால்தான் எழும்புவாராம், கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஒரு கோப்பை. இரண்டாவது கோப்பை. கண்ணை மூடினால் மிரெய் ஒக்தாவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போகிறார். கண்ணைத் திறந்தால் அகப்பை மூன்றாம் தடவை பானைக்குள். றீற்றாவைப் பார்த்தேன். கெஞ்சவில்லை. சும்மா பார்த்தேன்.

அவள் வந்து என் கையிலிருந்த கோப்பையை வாங்கினாள்.

“அன்ரி, இவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. நாளைக்குக் குதிரை ஓடப் போறார். நிறை கூடினால் விடமாட்டினம்.”

அகப்பை அந்தரத்தில் நின்றது.

“குதிரையோ?”

“ஓம்.”

“மேல ஏறியோ?”

“ஓம் அன்ரி. மேல ஏறித்தான்.”

அன்ரி என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு பானையை மூடினார். போகும்போது எங்கே, எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார். குரலில் கோபமா, வேறு ஏதுமா, தெரியவில்லை.

பின்னேரம் மூன்று சுவெற்றர், அதற்கு மேல் குப்பைப் பை, ரயில் நிலையம்வரை ஓட்டம். வியர்வை ஆறு. றீற்றா பின்னால் காரில் ஊர்ந்து வந்தாள். குறுக்கே வந்தவர்கள் எங்களுக்குள் சண்டை என்று நினைத்திருப்பார்கள். சண்டை இல்லை. கண்ணாடியை இறக்கி “இன்னும் கொஞ்சம்” என்றாள்.

ஒக். 5, ஞாயிறு

வெயில், குளிர், நடுக்கம். நடுக்கம் என்னுடையது. பூசைக்குப் போகவில்லை.

நிறுவை. முள் ஒரு மயிரளவு கூடுதல். பெல்ற் கழற்றினேன். மோதிரம் கழற்றினேன், றீற்றா தன் விரலில் போட்டுக்கொண்டாள். இன்னும் கூடுதல். மிரெய் என் மீசையைப் பார்த்தார். றீற்றாவும் பார்த்தாள். இருபது வயதிலிருந்து இருக்கும் மீசை.

“அதையும் எடுங்கோ,” என்றாள்.

எடுத்தேன். முள் அசையவே இல்லை. மிரெய் நிறுவையைப் பார்த்தார், என் மொட்டை உதட்டைப் பார்த்தார், பிரெஞ்சில் “போன்”, அதாவது சரி, என்று நிறுவையின் முகத்தை மறுபக்கம் திருப்பிவிட்டார். வாயோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

ஓட்டம் பற்றி அதிகம் ஞாபகம் இல்லை. எல்லாருடைய முதுகும் தெரிந்தது. மூன்றாவது வேலிக்கு முன்னால் ஒக்தாவ் நின்று யோசித்தான். பார்க்க வந்தவர்கள் நின்ற கயிற்றுக்கு அப்பால் ஒரு சத்தம் கேட்டது: மற்றச் சனம் பிரெஞ்சில் கத்த, அதற்கு மேலால் தமிழில் செபமாலை. பி. அன்ரி, பின்னால் செபக் குழு, பூசை முடிந்த உடுப்போடு, இரண்டு வான் வண்டி நிறைய. ஒக்தாவ் காதைத் திருப்பினான். பாய்ந்தான். நானும் அவனோடு போனேன்.

கடைசி. நல்ல தூரத்துக் கடைசி. அன்ரி வந்து மீசை இருந்த இடத்தைத் தடவி, இப்போதுதான் வருத்தக்காரன் மாதிரி இருக்கிறாய் என்றார்.

இப்போது வீடு. கால் இரண்டும் என்னுடையவை இல்லை. குசினியில் போன் அடித்தபடியே இருக்கிறது. றீற்றா ஒவ்வொருவருக்கும், அடுத்த வீட்டுக்கும் கேட்கும் குரலில்: “ஓம், குதிரைதான். ஓம், என்ர மனிசன்தான். கடைசியாத்தான் வந்தவர். ஆனால் விழேல்லை.”

கூப்பிடுகிறாள். கூழைச் சூடாக்கிவிட்டாளாம்.