பாதித் தட்டு

செவ்வாய், இரவு.

எங்கள் நாய் கருப்பன் செத்ததிலிருந்து வெள்ளச்சிப் பூனை சரியாகச் சாப்பிடுவதில்லை. இன்று தேனியிலிருந்து மத்தி மீன் வாங்கி வந்து, வேகவைத்துச் சோற்றில் பிசைந்து வைத்தேன். தட்டுக்குத் தள்ளி உட்கார்ந்து வாசலையே பார்த்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"பூனைக்கு என்ன இம்புட்டு வீம்பு?" என்றேன்.

"வீம்பு இல்லங்க," என்றாள் மனைவி. "எப்பவும் கருப்பன்தான மொதல்ல திங்கும்? அது தின்னு முடிக்கட்டும்னு இங்கன ஒக்காந்திருக்கு."

உண்மைதான். இரண்டுக்கும் ஒரே தட்டு. கருப்பன் பாதியைத் தின்றுவிட்டு விலகிய பிறகுதான் இது வரும்.

தட்டிலிருந்து பாதிச் சோற்றை அள்ளி எடுத்தேன். வெள்ளச்சி எழுந்து வந்தது. தலை நிமிராமல் தின்றது.

மனைவி சிரித்தாள். அள்ளிய பாதியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நான் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.