குளியலறைக்குள்ளும் ஒரு பொத்தான்

வெர்லின்,

நீ நாயோடு நடந்துவிட்டு வருவதற்குள், பக்கத்து வண்டியில் நம்மோடு பயணம் வரும் ஓப்பலும் நானும் சந்தைக்குக் கிளம்புகிறோம். நம் டிரெய்லர் வண்டிவீட்டைச் செய்த கம்பெனிக்காரர் மதியம் வருவார். அடுத்து செய்யும் வண்டிகளில் என்னென்ன வேண்டும் என்று அவருக்காக நீ எழுதி வைத்த யோசனைகளைப் படித்தேன். கணப்புக்கு நீல வெளிச்சம் வேண்டுமாம், டிவி இன்னும் அகலமாக வேண்டுமாம். என் யோசனை எங்கே?

முந்தாநாள் முகாமை விட்டுக் கிளம்பும்போது, நான் எங்கே என்று பார்க்காமலே பொத்தானை அமுக்கி, வெளியே நீட்டியிருந்த கூடத்துச் சுவரை உள்ளே இழுத்தாய். சுவரோடு நகர்ந்து வந்த சோபா குளியலறைக் கதவை அடைத்துக்கொண்டது. உள்ளே நான் தொண்டை கிழியக் கத்துகிறேன். வெளியே நீ ஓப்பலின் கணவரிடம் என்ன சொன்னாயாம்? "உள்ள இடியே விழுந்தாலும் வெளிய ஒரு பொட்டுச் சத்தம் கேக்காதுய்யா! வண்டின்னா இதுதான் வண்டி!"

அதனால் இன்று நானும் அதே பொத்தானை அமுக்கிவிட்டேன். சோபா இப்போது குளிர்பெட்டியையும் சேர்த்து அடைத்து நிற்கிறது. கம்பெனிக்காரருக்காகச் செய்த ஆப்பிள் கேக் அதற்குள்தான். உன் பீரும்தான். அந்தப் பொத்தானுக்கான ஃபியூஸ் என் கைப்பையில்.

மாற்று ஃபியூஸைத் தேடாதே, அதுவும் என்னிடம்தான்.

குளியலறைக்குள்ளும் ஒரு பொத்தான் வேண்டும் என்று முதல் வரியாக எழுது. பிறகு என்னைக் கூப்பிடு.

– மார்லிஸ்

காப்பியும் உன் மாத்திரையும் வெளியே மடக்கு மேசையில் இருக்கின்றன.

இன்னொன்று: சுவரை இழுப்பதற்கு முன்னால் நீ உள்ளே எங்காவது இருக்கிறாயா என்று இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்தேன். அதற்குப் பொத்தான்கூட வேண்டாம்.