இடப்பக்கக் கதவு

அராரட்,
ஏப்ரல் 14

என் செல்லம் கிர்ஸ்டனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாகத்தான் இருக்கிறோம், எவ்வளவு நன்றாக என்பதைப் போகப் போகச் சொல்கிறேன், நீயும் உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் கார்னார்வன் வெயிலில் வாடாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே இரண்டு நாளாகக் குளிர் ஆரம்பித்துவிட்டது, காலையில் கணப்பு மூட்டாமல் முடியவில்லை. போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நீ புருவத்தைத் தூக்குவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. போனில் பேசினால் உன் அப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு வார்த்தையையும் கேட்பார், நான் பாதியில் விழுங்கிவிடுவேன். இதை விழுங்கக் கூடாது.

போன வருஷம் காருக்குப் பின்னால் கேரவன் வீட்டை இழுத்துக்கொண்டு உன்னிடம் வருகிறோம் என்று சொல்லிவிட்டு இரண்டு தடவை தள்ளிப் போட்டோமே, ஒரு தடவை டயர் சரியில்லை என்றார், இன்னொரு தடவை இணைப்புக் கொக்கியில் வெடிப்பு என்றார், நீயும் கோபித்துக்கொண்டு உங்களுக்கு என்னைப் பார்க்க மனசே இல்லை என்று போனை வைத்துவிட்டாய். டயரும் நன்றாகத்தான் இருந்தது, கொக்கியும் நன்றாகத்தான் இருந்தது. கெட்டுப் போனது அப்பாவின் கண். வலது கண்ணில் நடுப்பார்வை போய்விட்டது, ஓரம் மட்டும் தெரிகிறது, இடது கண்ணிலும் அது ஆரம்பித்திருக்கிறது. போனது போனதுதான், மிச்சம் ஒரு வருஷம் இருக்கலாம், அதற்கு முன்னாலும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. நாற்பத்தாறு வருஷம் பால் லாரி ஓட்டிய மனுஷன், அன்றைக்கு வீட்டுக்கு வந்து காரைக் கழுவினார். யாரிடமும் சொல்லக் கூடாது, முக்கியமாக உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார், அதனால்தான் நானும் டயர், கொக்கி என்று கூடச் சேர்ந்து பொய் சொன்னேன். அதற்கு என்னை மன்னித்துவிடு.

பேசாமல் விமானத்தில் வாருங்களேன் என்று நீ இதைப் படித்ததும் சொல்வாய். நானும் அதைத்தான் சொன்னேன். "மேகத்தைப் பாக்கவா நான் காசு குடுத்து வரணும்? அந்தப் பக்கத்து ரோட்டை நான் பார்த்ததே இல்ல மெரில், கண்ணு இருக்கும்போதே பாத்துடறேன்" என்றார். அப்படியென்றால் நான் ஓட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன், சொன்னவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. கடைக்கும் தேவாலயத்துக்கும் தவிர நான் எங்கே ஓட்டியிருக்கிறேன்? ஏழு வாரமாக ஒவ்வொரு ஞாயிறும் காலி ஃபுட்பால் மைதானத்தில் பெயிண்ட் டப்பாக்களை நிறுத்திவைத்து அவற்றுக்கு நடுவே பின்னால் எடுத்துப் பழகினேன். பின்னால் எடுக்கும்போது ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் கேரவன் இடப்பக்கம் போகிறது, அது என்ன வக்கிரமோ. கையை ஸ்டியரிங்கின் அடிப்பக்கம் பிடி, கை போகிற பக்கம் வண்டி போகும் என்று அப்பா சொல்லிக்கொடுத்த பிறகுதான் பிடிபட்டது. அதுவரைக்கும் பதினோரு டப்பா நசுங்கியது, அப்பா ஒவ்வொன்றுக்கும் தொப்பியைக் கழற்றி இரங்கல் தெரிவித்தார்.

போன வாரம் ஒரு ராத்திரி தங்கிப் பார்க்கலாம் என்று கேரவன்களை நிறுத்தித் தங்குகிற ஏரிக்கரைப் பூங்காவுக்குப் போனோம். அங்கே நாலு மணி ஆனால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாது. முன்னாலேயே வந்து இடம் பிடித்தவர்கள் எல்லாம் மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கையில் பீரோடு, புதிதாக வருகிறவர்கள் வண்டியைப் பின்னால் எடுக்கிற அழகைப் பார்க்க உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களுக்கு அதுதான் சாயங்கால நாடகம். எங்களுக்குக் கொடுத்த இடம் ஒரு மரத்துக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவில். அப்பா இறங்கிப்போய்ப் பின்னால் நின்று கையைக் காட்டினார். அவருக்கு ஓரப்பார்வைதானே, கேரவனைப் பார்க்க வேண்டுமென்றால் முகத்தை ஏரிப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றால்தான் தெரியும். ஏரியைப் பார்த்துக்கொண்டே ஒரு மனுஷன் எனக்குக் கை காட்டினால் பார்க்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? "யோவ் பெரிசு, வண்டி இந்தப் பக்கம் இருக்கு! அங்க என்ன, குளிக்கிற பொண்ணுங்களையா பாக்கற?" என்று ஒருவன் கத்த, எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. அந்தப் பதற்றத்தில் கையை மேலே பிடித்துத் திருப்பிவிட்டேன், குழாயில் போய் இடித்தேன், தண்ணீர் பீய்ச்சி அடித்தது. கத்தின ஆளே, வாரிக் என்று பேர், வேகமாக வந்து என் கதவைத் திறந்து, "நகருங்கம்மா, நான் போட்டுத் தரேன், இது உங்களால ஆகற காரியமில்ல" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், நான் நகரத்தான் போனேன், ஒரு காலைக் கீழேகூட வைத்துவிட்டேன்.

அப்போது அப்பா வந்தார். நனைந்துபோய், தொப்பியில் தண்ணீர் சொட்ட, கேரவனைக் கையால் தடவிக்கொண்டே வந்து நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "தம்பி, கதவை மூடு. என் கண்ணு போச்சு. இனிமே இந்த வண்டிக்கு ஓட்டுநர் அவதான், நான் இல்ல, நீயும் இல்ல. மெரில், முன்னால எடு, மறுபடி வா, கை அடியில" என்றார். எத்தனை மாசமாக என் வாயைக் கட்டிப்போட்ட வார்த்தை, முன்பின் தெரியாத இருபது பேருக்கு முன்னால் அவர் வாயாலேயே வந்தது. எனக்கு அழுகை வந்தது, ஆனால் அழுதால் கண்ணாடியில் ஒன்றும் தெரியாதே என்று அடக்கிக்கொண்டேன். முன்னால் எடுத்தேன். மறுபடி வந்தேன். அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார், யாரும் சிரிக்கவில்லை. கோடு போட்ட மாதிரி உள்ளே போய் நின்றது கிர்ஸ்டன், உன் அம்மா போட்டாள்! வாரிக் குழாயை அடைத்துக் கொடுத்துவிட்டு அப்பா கையில் ஒரு பீரை வைத்தார், மன்னிப்புக் கேட்கத் தெரியாத ஆளுக்கு அதுதான் மன்னிப்பு. அவருடைய மனைவி ஐலா மெதுவாக என்னிடம் வந்து, "எனக்கும் கத்துக்குடுங்க அக்கா, இந்த ஆளு பாலைவனத்துல மாரைப் பிடிச்சுட்டு விழுந்தா நான் எப்படி வீடு வந்து சேர்றது?" என்று கேட்டாள். மறுநாள் காலை ஒரு மணி நேரம் அவளுக்கு நான் வாத்தியார்.

அந்தப் பெருமையில்தான் கிளம்பும்போது கம்பத்திலிருந்து கேரவனுக்கு வந்த கரண்ட் ஒயரைப் பிடுங்காமலே வண்டியை எடுத்துவிட்டேன், கம்பம் கொஞ்சம் சாய்ந்தது, அதை உன் தம்பியிடம் சொல்லாதே. இப்போது ஒரு முறை வைத்திருக்கிறோம். நான் பட்டியலைச் சத்தமாக வாசிப்பேன், அப்பா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து "ஆச்சு" என்பார். சங்கிலி, ஆச்சு. படிக்கட்டு மடித்தது, ஆச்சு. ஒயர், ஆச்சு ஆச்சு என்று இரண்டு தடவை. நேற்று எடை மேடையில் நிறுத்தினோம், அளவுக்கு மேல் நூற்று நாற்பது கிலோ, அதுவும் எல்லாம் பின்பக்கம். பின்பக்கம் கனத்தால் ஓடும்போது கேரவன் வாலை ஆட்டி நம்மையும் சேர்த்துக் கவிழ்த்துவிடுமாம். பின்கட்டிலின் அடியில் பார்த்தால் அவருடைய இரும்புப் பெட்டிகள் மூன்று, என்னுடைய தையல் மெஷின் ஒன்று. "இது எதுக்குடி, கங்காருக்குச் சட்டை தைக்கவா?" என்றார். இரண்டு பேருடையதும் இறங்கியது.

மே ஐந்தாம் தேதி கிளம்புகிறோம். நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது, எந்த நாள் வந்து சேர்வீர்கள் என்று மட்டும் கேட்காதே, நாள் குறித்தால் அவசரம் வரும். மூன்று பெட்டி கோத்த லாரி பக்கத்தில் போகும்போது கேரவன் ஆடும், அப்போது காலால் பிரேக்கை மிதிக்காமல் கேரவன் பிரேக்கை மட்டும் கையால் அழுத்த வேண்டும், அதைத் தூக்கத்தில்கூடச் சொல்கிறேனாம். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் ஓட்டுவதில்லை, கங்காருக்கள் ரோட்டுக்கு வருகிற நேரம். நீ கேட்ட தேன் கொண்டுவர முடியாது, உங்கள் மாநில எல்லையில் தேன், பழம், காய்கறி எல்லாவற்றையும் வாங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். அப்பா ஒரு பாட்டில் எடுத்துவைத்திருக்கிறார், எல்லை வருவதற்குள் உன் பேரைச் சொல்லித் தின்றே தீர்ப்பாராம். நீ இரவில் வெறும் காப்பி குடித்துவிட்டுப் படுக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு. சிக்னல் இல்லாத இடம் நிறைய வரும், இரண்டு நாள் போன் வரவில்லை என்று போலீஸுக்குச் சொல்லிவிடாதே.

இதை எழுதட்டுமா என்று நேற்று அவரிடம் கேட்டேன். "நீயே எழுதிடு, எனக்குச் சொல்ல வராது. ஆனா அவ அழுதுக்கிட்டு வாசல்ல நிக்கக் கூடாதுன்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன். நீ அழாமல் இருக்க மாட்டாய் என்பது எனக்குத் தெரியும், அதை நாங்கள் வருவதற்கு முன்னாலேயே அழுது முடித்துவிடு.

கடவுள் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும், உன் வீட்டில் எப்போதும் சிரிப்பும் சூடான சாப்பாடும் இருக்கட்டும் தங்கமே. ஒன்றை மட்டும் மறக்காதே. வண்டி உன் வாசலில் திரும்பியதும் சின்னப் பிள்ளையில் ஓடின மாதிரி ஓட்டுநர் பக்கம் ஓடாதே, அங்கே நான்தான் இருப்பேன், நான் மெதுவாக இறங்கிக்கொள்கிறேன். நீ இடப்பக்கக் கதவுக்குப் போ. அவர் இறங்கி நின்று உன் முகத்தைப் பார்க்காமல் உன் காதுக்கு அப்பால் வேலியைப் பார்ப்பார். கோபமோ என்று நினைத்துக்கொள்ளாதே, அவருக்கு முன்னால் நகர்ந்து நகர்ந்து வந்தும் நிற்காதே. ஆடாமல் நின்ற இடத்திலேயே நில்லு, அவர் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

உன்னை முத்தமிடும் அம்மா,
மெரில்
(ஓட்டுநர்)