நீ வரைந்த படகு

கண்ணு பூமிகா,

நீ வரைந்தபடி அடிப்பாகத்தைக் கூராக்கி, இருபக்கமும் காற்றறை வைத்துக் கட்டிய படகு, அலையில் சாய்ந்தாலும் உடனே நிமிர்ந்துவிடுகிறது. அதுதான் இப்போது என் கவலை.

முன்பெல்லாம் கடல் சீறினால் உன் அப்பா வீட்டில் இருப்பார். நேற்று நாகூர்க் கரையில் எல்லோரும் படகை மேலே ஏற்றியபோது, "எம் பொண்ணு செஞ்ச படகு, கவுறாது" என்று சிரித்துக்கொண்டே போனார்.

திட்டுவதற்குக் காத்திருந்தேன். காலையிலேயே கடலுக்குப் போயிருந்த பக்கத்துவீட்டு உத்திராபதி, கவிழ்ந்த தன் படகைப் பிடித்து மிதந்துகொண்டிருந்தானாம்; அவனோடு திரும்பி வந்தார். அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன் போவலன்னா நான் என்ன ஆயிருப்பேன் அக்கா?" என்று அழுதாள். திட்ட வாய் வரவில்லை.

இன்றும் காற்று ஏறுகிறது. எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை அவர் தேடுகிறார். அது என் மடியில் இருக்கிறது. கொடுப்பதா, வேண்டாமா என்று தெரியவில்லை, கண்ணு.

உன் அம்மா